ஐந்து கட்டங்களில் ஓர் ஆங்கிலச் சொல்

 

வங்கித் தேர்வுக்குத் தயாராகும் நம் பிள்ளைகளில் பலர் ரீசனிங் பகுதியில் ஒரு வகைக் கேள்வியைக் கண்டதும் அதைத் தொடாமலே அடுத்ததற்குப் போய்விடுகிறார்கள். கேள்வி ஏறத்தாழ இப்படி இருக்கும்: 'ஹாஸ்பிடல்' என்ற ஆங்கிலச் சொல்லின் 3, 6, 7, 8ஆம் எழுத்துகளை எடுத்துக்கொள்ளவும். ஒவ்வோர் எழுத்தையும் ஒரு முறை மட்டும் பயன்படுத்திப் பொருளுள்ள நான்கெழுத்துச் சொல் அமைக்க முடியுமானால், அந்தச் சொல்லின் மூன்றாம் எழுத்து எது? ஒன்றுக்கு மேற்பட்ட சொற்கள் அமையுமானால் 'எம்' என்றும், ஒன்றுமே அமையாவிட்டால் 'எக்ஸ்' என்றும் குறிக்கவும்.

ஐபிபிஎஸ் நடத்தும் வங்கி எழுத்தர் முதல்நிலைத் தேர்வில் ரீசனிங் பகுதியின் 35 கேள்விகளுக்கு 20 நிமிடம்தான். ஒரு கேள்விக்கு முழுதாக 35 வினாடிகூடக் கிடைக்காது. தவறாக எழுதினால் கால் மதிப்பெண் கழியும். தமிழ்வழியில் படித்த பிள்ளை, "எனக்கு இவ்வளவு இங்கிலீஷ் வார்த்தை தெரியாது" என்று ஒதுங்கிவிடுகிறது. ஆனால் மேலே உள்ள கேள்விக்கு விடையாக வரும் சொற்கள் லாஸ்ட், சால்ட், ஸ்லாட். கடைசி, உப்பு, மெல்லிய மரச்சட்டம். முதல் இரண்டும் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்தவை. ஆக, குறை சொல்லறிவில் இல்லை. தெரிந்த சொல்லை நான்கு எழுத்துகளுக்குள்ளிருந்து வெளியே எடுக்கும் வழிதான் பழகவில்லை. அந்த வழியைத்தான் இந்தப் பாடத்தில் பார்க்கப்போகிறோம், இன்ஷா அல்லாஹ்.

படிக்கும் முன் ஒரு சிறு ஏற்பாடு. இந்த இதழில் ஆங்கில எழுத்துகளையும் தமிழிலேயே அச்சிடுகிறோம். டைகரின் முதல் எழுத்தை 'டீ' என்றும், டாக்டரின் முதல் எழுத்தை 'டி' என்றும் குறித்திருக்கிறோம். நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லையும் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டே படியுங்கள். எழுதாமல் படித்தால் இந்தப் பாடத்தால் பயன் இல்லை.

எழுத்துகளைக் குலுக்காதீர்கள்

நான்கு எழுத்துகளைக் கொடுத்தால் எல்லாரும் செய்வது, மனத்துக்குள் அவற்றை இப்படியும் அப்படியும் மாற்றிப் பார்ப்பது. நான்கு வெவ்வேறு எழுத்துகளை 24 விதமாக அடுக்கலாம். ஐந்து எழுத்துகள் என்றால் 120 விதம். ஆறுக்கு 720, ஏழுக்கு 5,040. முப்பது வினாடியில் 24ஐயே முடிக்க முடியாது. பாதியிலேயே எதைப் பார்த்தோம், எதைப் பார்க்கவில்லை என்பது மறந்துபோகும்.

குலுக்குவதற்குப் பதிலாக, முதலில் உயிரெழுத்துகளைத் தனியே பிரியுங்கள். ஆங்கிலத்தில் ஏ, ஈ, ஐ, ஓ, யு என ஐந்து. இவை இல்லாத இடத்தில் ஒய் வந்து உயிரின் வேலையைச் செய்யும். ஸ்கை, டிரை, மை போன்ற சொற்களில் அப்படித்தான்.

நான்கெழுத்துச் சொல்லில் ஓர் உயிர் மட்டும் இருந்தால், பெரும்பாலும் அது இரண்டாம் கட்டத்தில் இருக்கும். இல்லாவிட்டால் மூன்றாம் கட்டத்தில் இருக்கும். ஆக, இரண்டே அச்சுகள். எஸ், டீ, ஏ, எல் என்பவற்றில் ஏ மட்டுமே உயிர். அதை இரண்டாம் கட்டத்தில் வையுங்கள். பின்னால் இரண்டு மெய்கள் சேர்ந்து நிற்க வேண்டும். எஸ்-டீ சேர்ந்து சொல்லின் முடிவில் நிற்குமா? நிற்கும், லாஸ்ட். எல்-டீ நிற்குமா? நிற்கும், சால்ட். இனி ஏ-யை மூன்றாம் கட்டத்துக்கு நகர்த்துங்கள். முன்னால் இரண்டு மெய்கள் வேண்டும். எஸ்-எல் சொல்லைத் தொடங்கும், ஸ்லாட். எல்-எஸ் எந்த ஆங்கிலச் சொல்லையும் தொடங்காது. டீ-எல்லும் தொடங்காது. 24 அடுக்குகளில் பெரும்பாலானவை எழுதிப் பார்க்காமலே கழிந்துவிட்டன. விடை 'எம்'.

இரண்டு உயிர்கள் இருந்து அவற்றில் ஒன்று ஈ-யாக இருந்தால் வேலை இன்னும் எளிது. ஏ, ஈ, டீ, எம் என்று கொடுத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இரு உயிர்களும் நடுவில் ஒட்டி நின்றால் மீட், டீம். அதாவது இறைச்சி, அணி. ஈ கடைசிக் கட்டத்துக்குப் போய், ஏ இரண்டாம் கட்டத்தில் நின்றால் மேட், டேம். தோழன், பழக்கப்பட்ட விலங்கு. எழுத்துகள் மாறவில்லை. ஈ மட்டும் இடம் மாறியது. ஓசை 'ஈ'காரத்திலிருந்து 'ஏ'காரத்துக்குப் போய்விட்டது. ஹீட் என்றால் சூடு, ஹேட் என்றால் வெறுப்பு. மீல் என்றால் உணவு, மேல் என்றால் ஆண். சீல் முத்திரை, சேல் விற்பனை. இந்த ஜோடிகளை ஒரு பக்கத்தில் இரண்டு பத்திகளாக எழுதி வையுங்கள். கேட்டு எழுதும்போது இவற்றில்தான் நம் பிள்ளைகள் அதிகம் தடுமாறுகிறார்கள். ஈ நிற்கும் இடம் ஓசையை மாற்றுகிறது என்று ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் அந்தத் தடுமாற்றம் பாதியாகும்.

விலக்குகளும் உண்டு. ஈஸ்ட், ஈச், ஆல்சோ, ஒன்லி, யூனிட் போன்றவை உயிரில் தொடங்குகின்றன. எனவே இரண்டு அச்சுகளையும் பார்த்து முடித்த பிறகு, கடைசியாக உயிரை முதல் கட்டத்தில் வைத்தும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

ஐந்து எழுத்துகள்

இதே அச்சுகள் ஐந்தெழுத்துக்கும் நீளும். எஸ், டீ, ஏ, எல், ஈ ஐந்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று மெய்களில் எவை இரண்டு ஒட்டி நிற்கும் என்று கேளுங்கள். எஸ்-டீ முதலிலும் நிற்கும், முடிவிலும் நிற்கும். எஸ்-எல் முதலில் நிற்கும். எஸ்-டீயை முன்னால் வைத்து உயிர்களை நடுவில் ஒட்டினால் ஸ்டீல், அதாவது திருடு. (இரும்பைக் குறிக்கும் ஸ்டீலில் ஏ கிடையாது, இரண்டு ஈ. கடைப் பலகைகளில்கூட இந்தக் குழப்பத்தைப் பார்க்கலாம்.) ஈ-யைக் கடைசிக்கு அனுப்பினால் ஸ்டேல், பழசாகிப்போனது. எஸ்-எல்லை முன்னால் வைத்து ஈ-யைக் கடைசியில் வைத்தால் சிலேட். எஸ்-டீயை முடிவுக்குக் கொண்டுபோய் உயிர்களை நடுவில் ஒட்டினால் லீஸ்ட், மிகக் குறைந்தது. எஸ்-ஐ மட்டும் பிரித்துப் பன்மைக் குறியாகக் கடைசியில் போட்டால் டேல்ஸ், கதைகள். ஐந்து சொற்கள் ஒரே வரிசையில் வந்துவிட்டன.

எந்தெந்த மெய்கள் ஒட்டும் என்பது கைவசம் இருக்க வேண்டும். டீ-எச், எஸ்-எச், சி-எச், எஸ்-டீ எல்லா இடத்திலும் நிற்கும். சி-கே முதலில் வரவே வராது, முடிவிலும் நடுவிலும்தான். என்-ஜி சொல்லைத் தொடங்காது. க்யூ வந்தால் பின்னால் யு வரும் என்று வையுங்கள். எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடமும் இங்கேதான். என், ஜி, ஐ, ஆர் என்றதும் என்-ஜியை முடிவில் ஒட்டி ரிங் என்று எழுதிவிட்டு நிறுத்திவிடுவார்கள். ஜி-ஆர் முன்னால் ஒட்டும் என்பதை மறந்துவிடுகிறார்கள். கிரின், பல் தெரியச் சிரிப்பது, தப்பிப் போகிறது. கேள்வி தயாரிப்பவர் 'ஒன்றுக்கு மேற்பட்டவை' என்ற விடையை வைத்திருப்பதே முதல் சொல்லோடு நின்றுவிடுபவர்களுக்காகத்தான். ஒரு சொல் கிடைத்ததும் மற்ற அச்சுக்கு மாறி இன்னொன்றைத் தேடுங்கள். இரண்டு கிடைத்துவிட்டால் மூன்றாவதைத் தேட வேண்டாம்.

சொல்லின் கடைசிக் கட்டமும் நிறையப் பேசும். ஆங்கிலத்துக்கே உரிய பழைய சொற்கள் வி-யில் முடிவதில்லை. பின்னால் ஓர் ஈ துணைக்கு வரும். ஃபைவ், கிவ், ஹேவ், லவ் எல்லாம் அப்படி. காதுக்குக் கேட்காத அந்த ஈ-யை விட்டுவிட்டு எழுதும் பிள்ளைகள் ஏராளம். வி கையில் இருந்து ஈ-யும் இருந்தால், இரண்டையும் கடைசி இரு கட்டங்களில் வைத்துப் பார்ப்பது எப்போதும் நல்ல தொடக்கம்.

இமாம் கலீல் போட்ட கணக்கு

எழுத்துகளை அடுக்கிப் பார்த்து, அமையாதவற்றை ஒதுக்கி, அமைபவற்றை எடுப்பது இன்றைய கைப்பேசி விளையாட்டுக்காரர்கள் கண்டுபிடித்ததல்ல. எட்டாம் நூற்றாண்டில் பஸராவில் வாழ்ந்த மொழி அறிஞர் இமாம் கலீல் இப்னு அஹ்மத் அல்-ஃபராஹீதீ (ரஹ்) அரபு மொழி முழுவதற்கும் இதைச் செய்ய முனைந்தார். அவருடைய 'கிதாபுல் ஐன்' அரபு மொழியின் முதல் பேரகராதியாகக் கருதப்படுகிறது. அதில் அவர் அலிஃபில் தொடங்கவில்லை. தொண்டையின் ஆழத்திலிருந்து பிறக்கும் ஐனில் தொடங்கி, உதடு நோக்கி வந்தார். மதரஸாவில் தஜ்வீத் ஓதும் பிள்ளைகளுக்கு மக்ரஜ் வரிசை தெரியும் என்பதால் இது உடனே விளங்கும்.

அவருடைய பெயரால் பழைய நூல்கள் ஒரு கணக்கைச் சொல்கின்றன. அரபின் 28 எழுத்துகளிலிருந்து, எழுத்து திரும்ப வராமல், ஈரெழுத்து அடுக்குகள் 756. மூன்றெழுத்து அடுக்குகள் 19,656. நான்கெழுத்து 4,91,400. ஐந்தெழுத்து 1,17,93,600. நீங்களே பெருக்கிப் பாருங்கள்: 28ஐ 27ஆல், பிறகு 26ஆல், 25ஆல், 24ஆல். பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத்துக்கு முன்பே நாம் தொடும் வரிசைமாற்றப் பாடம்தான் இது.

இத்தனை அடுக்குகளில் மக்கள் நாவில் வழங்குபவை சிறு பகுதியே. வழங்குவதை 'முஸ்தஃமல்' என்றும், வழங்காமல் விடப்பட்டதை 'முஹ்மல்' என்றும் பிரித்தார். ஒரு மூன்றெழுத்துக் கூட்டம் வந்தால் அதன் ஆறு அடுக்குகளையும் ஒரே இடத்தில் வைத்து ஆராய்ந்தார். ஐன், லாம், மீம் மூன்றையும் பாருங்கள். ஐன்-லாம்-மீம் என்று அடுக்கினால் இல்ம், அறிவு. லாமையும் மீமையும் இடம் மாற்றினால் அமல், செயல். நாம் ஒவ்வொரு ஜும்ஆவிலும் கேட்கும் இரண்டு சொற்களும் ஒரே மூன்றெழுத்துகளில் இருக்கின்றன. அதே மூன்றை லாம்-மீம்-ஐன் என்று வைத்தால் ஒளிர்தல் என்ற பொருளில் இன்னொரு சொல்.

இன்னொரு விதியும் அவர் தந்தார். நான்கு, ஐந்து எழுத்துகள் கொண்ட அரபு வேர்ச்சொல்லில் ரா, லாம், நூன், ஃபா, பா, மீம் ஆகிய ஆறில் ஒன்றாவது இருக்கும். மிகச் சில விலக்குகள் தவிர, இவற்றில் ஒன்றும் இல்லாத நீண்ட சொல் அரபுக்குச் சொந்தமானதல்ல என்று ஐயப்படலாம். மொழி தெரிந்தவர் இப்படித்தான் தேடுகிறார். எல்லாச் சொல்லையும் மனப்பாடம் செய்தவராக இருக்க வேண்டியதில்லை. எது அந்த மொழியில் நிற்கும், எது நிற்காது என்று தெரிந்தால் போதும். ஆங்கிலம் வராது என்று தயங்கும் தாய்மார்களும் இதை யோசித்துப் பாருங்கள். அரபு எழுத்துகளைக் கூட்டி ஓதப் பழகியவர்களுக்கு எழுத்துகளை அடுக்கும் பயிற்சி ஏற்கெனவே இருக்கிறது. எழுத்துகள் மட்டும்தான் வேறு.

ஏலாக்குறிச்சியில் ஒரு முன்னோடி

சாதாரண அகராதி முதலெழுத்து தெரிந்தவருக்குத்தான் உதவும். இரண்டாம் எழுத்து மட்டும் தெரியும், கடைசி எழுத்து மட்டும் தெரியும் என்றால் அதைக் கையில் வைத்துக்கொண்டு விழிக்க வேண்டியதுதான். கவிஞர்களுக்குத் தேவைப்பட்டது அத்தகைய சொற்களே. அதனால் பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் இமாம் ஜவ்ஹரீ தம் 'ஸிஹாஹ்' அகராதியை வேர்ச்சொல்லின் கடைசி எழுத்து வரிசையில் அமைத்தார். 'லிஸானுல் அரப்' எழுதிய இப்னு மன்ஸூரும் அவ்வழியே சென்றார்.

தமிழில் அந்த வேலையைச் செய்த ஒருவர் நம் ஊர்ப் பக்கத்திலேயே வாழ்ந்திருக்கிறார். கொள்ளிடத்தின் வடகரையில், திருமானூர் வட்டாரத்து ஏலாக்குறிச்சிக்குத் திருக்காவலூர் என்றும் பெயர். இத்தாலியில் 1680இல் பிறந்து தமிழகம் வந்து, வீரமாமுனிவர் என்று பெயர் பெற்ற பெஸ்கி பாதிரியார் அங்கே தங்கிப் பணியாற்றினார். அடைக்கல மாதா கோயிலுக்குப் போகிறவர்களுக்கு அவர் பெயர் தெரிந்திருக்கும். அவருடைய சமயம் வேறு, நம் மார்க்கம் வேறு. அவர் செய்த மொழிப்பணி இந்த மண்ணில் எல்லாருக்கும் பொது. 1732இல் அவர் 'சதுரகராதி'யை முடித்தார். பெயர், பொருள், தொகை, தொடை என அதற்கு நான்கு பிரிவுகள். முதல் பிரிவில் சொல்லைத் தேடிப் பொருளை அறியலாம். இரண்டாவதில் பொருளிலிருந்து சொல்லுக்குப் போகலாம். மூன்றாவது, மூவேந்தர், முத்தமிழ் போலத் தொகையாக வழங்குபவற்றைச் சொல்வது. நான்காவதான தொடையகராதிதான் நம் பாடத்துக்கு உரியது. எதுகைச் சொற்களைத் தேடுபவருக்காக அமைத்தது அது.

எதுகை என்றால் என்ன? இரண்டாம் எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். அதோடு முதலெழுத்தின் அளவும் ஒத்திருக்க வேண்டும்: குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில். கடலுக்கு மடல் எதுகை. பாடத்துக்குக் கூடம் எதுகை. கடலுக்குப் பாடம் எதுகை ஆகாது. இரண்டிலும் 'ட' இருந்தாலும் முதலெழுத்தின் அளவு வேறு. குறித்த எழுத்து குறித்த இடத்தில், குறித்த அளவில். இன்று இணையத்தில் கட்டம் போட்டுச் சொல் தேடுகிறவர் கேட்பதும் இதையேதான். அவருக்கு முன்பே சூடாமணி நிகண்டின் பதினொன்றாம் தொகுதி சொற்களை எதுகை வரிசையில் அடுக்கியிருக்கிறது. ஆங்கிலத்தில் ஜான் வாக்கர் என்பவர் சொற்களை முடிவெழுத்து வரிசையில் அடுக்கி அகராதி வெளியிட்டது 1775இல்.

இந்த எதுகைப் பழக்கத்தை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோங்கள். முடிவு ஒன்றாக உள்ள ஐந்தெழுத்துச் சொற்களைக் குடும்பம் குடும்பமாக எழுதுங்கள். ஐ-ஜி-எச்-டீ என்று முடிபவை: நைட், லைட், ரைட், சைட், ஃபைட், மைட், டைட். எண்ணைக் குறிக்கும் எய்ட்டும் இதே எழுத்துகளில் முடிகிறது, ஓசைதான் வேறு. ஓ-யு-என்-டி என்று முடிபவை: சவுண்ட், ரவுண்ட், ஃபவுண்ட், ஹவுண்ட். ஏ-டீ-சி-எச்: வாட்ச், மேட்ச், கேட்ச், ஹேட்ச். நைட்டில் ஜி-எச்சை விடுவது, வாட்ச்சில் டீயை விடுவது எல்லாம் தனித்தனிச் சொல்லாகப் படிப்பதால் வரும் வினை. குடும்பமாகப் படித்த பிள்ளை விடுவதில்லை. ஆயிரம் சொற்கள் அடங்கிய புத்தகங்களைக் காசு கொடுத்து வாங்கி அகர வரிசையில் உருப்போடுவதைவிட, இப்படி இருபது குடும்பங்களைத் தானே எழுதிச் சேர்ப்பது மேல் என்பது என் எண்ணம்.

எந்த எழுத்தை முதலில் கேட்பது

இப்போது உலகெங்கும் ஆடப்படும் வேர்டில் என்ற விளையாட்டைப் பல பிள்ளைகள் கைப்பேசியில் பார்த்திருப்பீர்கள். ஜோஷ் வார்டில் என்பவர் உருவாக்கி 2021 அக்டோபரில் பொதுமக்களுக்குத் திறந்தது. 2022 ஜனவரி இறுதியில் நியூயார்க் டைம்ஸ் வாங்கியது. மறைந்திருக்கும் ஐந்தெழுத்துச் சொல்லை ஆறு முயற்சிக்குள் கண்டுபிடிக்க வேண்டும். எழுத்தும் இடமும் சரியானால் பச்சை, எழுத்து உண்டு இடம் வேறு என்றால் மஞ்சள், எழுத்தே இல்லை என்றால் சாம்பல். ஒரு நாளைக்கு ஒரே சொல், அதோடு முடிந்தது. தொழுகை நேரத்தை விழுங்கும் மற்ற விளையாட்டுகளோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ தேவலை. ஆனாலும் கைப்பேசி இல்லாமலே இதை ஆடலாம் என்பதைக் கீழே சொல்கிறேன்.

26 எழுத்துகளை ஐந்து கட்டங்களில் எப்படியும் நிரப்பலாம் என்றால் 1,18,81,376 வழிகள் உண்டு. கலீலின் ஐந்தெழுத்துக் கணக்குக்கு எவ்வளவு அருகில் வருகிறது பாருங்கள். ஆனால் வேர்டில் தொடங்கியபோது விடையாக வைத்திருந்த சொற்கள் சுமார் 2,300 மட்டுமே. முஸ்தஃமல் அவ்வளவு சிறிது.

அந்தச் சிறு கூட்டத்துக்குள் நுழைய, அடிக்கடி வரும் எழுத்துகளை முதலில் கேட்க வேண்டும். ஒரு மொழியின் எழுத்துகள் எத்தனை முறை வருகின்றன என்று எண்ணி வரிசைப்படுத்தும் வழியை ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் அல்-கிந்தீ எழுதி வைத்தார். அவர் அதை மறைமொழிக் கடிதங்களை உடைக்கப் பயன்படுத்தினார். நீண்ட உரை ஒன்றை எடுத்து எழுத்துகளை எண்ணு. மறைமொழியில் அதிகம் வரும் குறி, மொழியில் அதிகம் வரும் எழுத்தாக இருக்கும் என்பது அவர் வழி. ஆங்கிலத்தில் முதலிடம் ஈ-க்கு. பிறகு டீ, ஏ, ஓ போன்றவை. ஸ்கிராபிள் விளையாட்டை 1930களில் உருவாக்கிய அமெரிக்கர் ஆல்ஃபிரட் பட்ஸும் நாளிதழ்ப் பக்கங்களில் எழுத்துகளை எண்ணித்தான் அதை அமைத்தார். நூறு வில்லைகளில் ஈ-க்குப் பன்னிரண்டு, மதிப்பு ஒன்று. க்யூ, இசட் தலா ஒரே வில்லை, மதிப்பு பத்து.

ஆகவே முதல் முயற்சியில் ஈ, ஏ, ஆர், எஸ், டீ, ஐ, ஓ, என், எல் இவற்றிலிருந்து ஐந்து வெவ்வேறு எழுத்துகள் கொண்ட சொல்லைப் போடுங்கள். நாம் பார்த்த சிலேட் அதற்கு நன்றாகப் பொருந்தும். ஒரு சிக்கல் மட்டும் சொல்ல வேண்டும். கடைசி நான்கு கட்டங்கள் ஐ-ஜி-எச்-டீ என்று தெரிந்துவிட்டது, முதலெழுத்து தெரியவில்லை என்றால், நைட், லைட், ரைட் என்று ஒவ்வொன்றாகப் போட்டு முயற்சிகளைத் தீர்த்துவிடாதீர்கள். ஃபிலிம்ஸ் என்று ஒரு சொல் போடுங்கள். அது விடையாகாது என்று தெரிந்தே போடுகிறோம். ஆனால் எஃப், எல், எம், எஸ் நான்கையும் ஒரே வீச்சில் கேட்டுவிடலாம்.

வீட்டில் செய்வதற்கு

வீட்டுக்கு வரும் நிக்காஹ் அழைப்பிதழ்களின் கெட்டி அட்டையைச் சிறு சதுரங்களாக வெட்டி ஆங்கில எழுத்துகளை எழுதுங்கள். எத்தனை ஈ, எத்தனை க்யூ என்பதைப் பிள்ளைகளே முடிவு செய்யட்டும்: பள்ளி ஆங்கிலப் புத்தகத்தில் அரைப் பக்கத்தை எடுத்து எழுத்துகளை எண்ணிக் கோடு போட்டால் தெரிந்துவிடும். பெரியவர் ஒருவர் மனத்தில் ஒரு சொல்லை நினைத்துக்கொண்டு பச்சை, மஞ்சள், இல்லை என்று வாயால் சொன்னால் போதும். அதற்கு அவர் ஆங்கிலம் பேசத் தெரிந்தவராக இருக்க வேண்டியதில்லை. புத்தகத்திலிருந்து ஐந்தெழுத்துச் சொல் ஒன்றை எடுத்துச் சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

எழுத்துகளைத் தட்டினால் சொற்பட்டியல் தரும் தளங்களும் செயலிகளும் இருக்கின்றன. அவற்றை விடைத்தாளாக மட்டும் வையுங்கள். ஐந்து நிமிடம் தானே தேடிய பிறகு திறந்து, தவறவிட்ட சொல் எந்த அச்சில் இருந்தது என்று பாருங்கள். பட்டியலில் யாரும் பேசாத விசித்திரச் சொற்களும் வரும். அகராதியில் பொருள் பார்த்து, தன் வாக்கியத்தில் வைக்க முடிகிற சொல்லை மட்டும் நோட்டில் ஏற்றினால் போதும். தேர்வு அறைக்குள் அந்தச் செயலி வராது.

பயிற்சி

முதலாவது: என், ஜி, ஐ, எஸ், நான்கெழுத்து. இரண்டாவது: எச், ஈ, ஏ, ஆர், டீ, ஐந்தெழுத்து. மூன்றாவது: ஆர், ஈ, ஏ, சி, டீ, ஐந்தெழுத்து. நான்காவது: ஐந்து கட்டங்கள், முதலில் டபிள்யூ, மூன்றாவதில் டீ, கடைசியில் எச். ஐந்தாவது: எல், ஐ, எஸ், டீ, ஈ, என், ஆறெழுத்து.

கீழே பார்க்காமல் முதலில் எழுதிப் பாருங்கள்.

விடைகள்

முதலாவதில் என்-ஜியை ஒட்டினால் சிங், பாடு. ஜி-யை என்-னுக்கு முன்னால் வைத்தால் சைன், கையொப்பமிடு. அங்கே ஜி ஒலிக்காது. இரண்டாவதில் டீ-எச்சை முடிவில் ஒட்டுபவருக்கு எர்த், பூமி, உடனே கிடைக்கும். அவற்றைப் பிரித்துப் பார்ப்பவருக்கு ஹார்ட், இதயம், கிடைக்கும். மூன்றாவதில் டீ-ஆர் முன்னால் என்றால் ட்ரேஸ், சி-ஆர் முன்னால் என்றால் க்ரேட், சி-டீ முடிவில் என்றால் ரியாக்ட். கேட்டர் என்பதும் உண்டு, விருந்துக்கு உணவு ஏற்பாடு செய்வது. ரியாக்ட்டில் ஈ-யும் ஏ-யும் ஒட்டி நின்றாலும் தனித்தனியே ஒலிப்பதைக் கவனியுங்கள். நான்காவதில் மூன்றாம் கட்டத்து டீ, டீ-சி-எச் குடும்பத்தைக் காட்டிக்கொடுக்கிறது. மீதி ஒரே ஒரு கட்டம். ஏ போட்டால் வாட்ச், ஐ போட்டால் விட்ச், சூனியக்காரி.

ஐந்தாவதில் 720 அடுக்குகள் உண்டு. எஸ்-டீயை நடுவில் ஒட்டினால் லிசன், கவனித்துக் கேள். என்லிஸ்ட், பெயர் பதிவு செய். என்-டீயை முடிவில் ஒட்டினால் சைலன்ட், அமைதியான. என்-எஸ் நடுவில் நின்றால் டின்சல், ஜரிகை. எஸ்-ஐப் பன்மையாக்கினால் இன்லெட்ஸ். எழுதும்போது லிசனில் டீயை விட்டுவிடாதீர்கள். சைலன்ட்டில் காதுக்குக் கேட்கும் அந்த எழுத்து லிசனில் கேட்காது.